ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் உலர் உணவுப் பொதி: இது சரியா?

பீலிக்கரை | ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாமே. எங்கள் டிவிசனில் 112 குடும்பம், அதில் வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவ வீடு, 31. தகரக் கூரை போட்ட சின்னச் சபை. நானும் கமிட்டியில் ஒருவன்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அனுப்பிய காசில் 60 பொதி வந்து இறங்கியிருக்கிறது. அரிசி 5 கிலோ, கோதுமை மா 2 கிலோ, பருப்பு, சீனி, ஒரு டின்மீன். இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. கார்டு ஒன்று அடிப்பது, நாலு ஞாயிறு வந்து கையெழுத்து வாங்கியவர்களுக்கு மட்டும் பொதி கொடுப்பது, மிச்சத்தை 'புதிதாக வருகிறவர்களுக்கு' என்று வைத்துக்கொள்வது. இதுதான் தீர்மானம்.

இன்றைய பிரசங்க வசனத்தையும் சொல்லிவிடுகிறேன். 1 யோவான் 4:20. 'தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?' அதற்கு ஆமென் போட்டு அரை மணித்தியாலத்தில் கார்டுக் கதை.

எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று சொல்லாவிட்டால் இங்கே வந்து எழுதுவதில் அர்த்தமில்லை. பக்கத்துக் காம்பராக்காரர், அடுத்த வீட்டுக்காரர், இரண்டு வருஷத்துக்கு முந்தி பீலித் தண்ணீர்ச் சண்டையில் எங்கள் குழாயை வெட்டிப் போட்டார். குடித்துவிட்டு என் வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன். அவர் இந்து. கார்டு வந்தால் அவர் வீட்டுக்குப் பொதி போகாது. அந்த நினைப்பில்தான் கை தானாக மேலே போனது.

இது பழைய லயம், வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் அடுப்புப் பற்றவைத்தால் புகை இந்தப் பக்கம் வரும். இதை எழுதும்போதும் அவர் இருமுவது கேட்கிறது. தூக்கம் வரவில்லை. நான் செய்தது பிழையா? பிழையென்றால் இப்போது என்ன செய்வது?

கொழும்புக்கடை | ஞாயிறு இரவு 9.32

அண்ணே, கார்டு அடிக்கிற காசுக்கு இன்னும் இரண்டு பொதி வாங்கலாமே.

திராட்சைக்கொடி | ஞாயிறு இரவு 10.05

பீலிக்கரை அண்ணன் மனசைத் திறந்து எழுதியிருக்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் கமிட்டியை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல வேண்டாம். நானும் பண்டாரவளையில் ஒரு சபையில் இப்படிப்பட்ட பொறுப்பில் இருக்கிறவன்.

முதலாவது, கலாத்தியர் 6:10. 'யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்.' விசேஷமாக என்ற சொல்லைப் பவுல் சும்மா போடவில்லை. இருப்பது 60, குடும்பம் 112. எப்படியும் 52 வீட்டுக்கு இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். அப்போது தன் வீட்டுப் பிள்ளையை முதலில் பார்ப்பது பாவமா?

இரண்டாவது, இதை யாரும் வெளியில் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். இந்து வீட்டுக்குப் பொதி கொண்டுபோனால் மறுநாளே 'அரிசி காட்டி மதம் மாற்றுகிறான்' என்று பேச்சு வரும். கோயில் கமிட்டி வரும், தொழிற்சங்கத் தலைவர் வருவார், சில இடங்களில் பொலிஸ் வரைக்கும் போயிருக்கிறது. நம் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தால் அந்தத் தலைவலி இல்லை.

பதுளைப்பையன் | ஞாயிறு இரவு 10.41

திராட்சைக்கொடி அண்ணே, நான் இந்து. இந்த இழையில் எனக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

அந்தப் பேச்சு ஏன் வருகிறது? பொதி கொடுப்பதால் வருவதில்லை. மிச்சத்தை 'புதிதாக வருகிறவர்களுக்கு' என்று ஒதுக்குகிறீர்களே, அதனால் வருகிறது. அது பொதி இல்லை, தூண்டில். மீனுக்கு அது தெரியாதா?

எங்கள் தோட்டத்தில் போன வருஷம் ஒரு வேதக்கார வீட்டில் சாவு. அடைமழை. குழி வெட்டப் போனது நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் திருநீறு பூசுகிறவர்கள். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, பெயின்ட் வாளியால் இறைத்து இறைத்து வெட்டினோம். செத்தவர் மாரியம்மன் திருவிழாவுக்கு எத்தனை தடவை வந்தார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்திலும் பார்ப்பதில்லை. கேத வீடு என்றால் கேத வீடு, அவ்வளவுதான்.

உபதேசியார்மகள் | திங்கள் காலை 6.15

நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். கத்தோலிக்கப் பிள்ளை, ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது, நீளமாகப் போனால் மன்னியுங்கள்.

அன்பைப் பற்றிய அந்தக் கட்டளை உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் 'பிறனிடத்திலும் அன்புகூருவாயாக' என்று இருக்கும். எங்கள் திருவிவிலியத்தில் 'அடுத்திருப்பவர்'. சின்ன வயதில் அப்பாவிடம் இது ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டேன். கிரேக்கத்தில் 'பிளேசியோன்', பக்கத்தில் இருக்கிறவன் என்றுதான் அர்த்தம் என்றார். ஆனால் தமிழில் 'பிறன்' என்றால் நம்மவன் அல்லாதவன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இயேசு சொன்ன கதை முழுசாகப் புரிகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியது ஒரு சமாரியன், அவன் இரண்டுமாக இருக்கிறான். ஆள் பிறன், வந்து நின்றது பக்கத்தில். பீலிக்கரை அண்ணனின் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் அப்படித்தானே?

அந்தப் பாதையை யோசித்துப் பாருங்கள். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர், எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே சுமார் 250 மீட்டர். இடையில் 27 கிலோமீட்டர் போல. ஒரே இறக்கம், ஒரே வளைவு. நமக்கு ஹப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிற பாதையை நினைத்தால் போதும். எரிகோப் பாதையில் ஒருவன் குற்றுயிராகக் கிடக்கிறான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தயில் மண்சரிந்து லயங்கள் மூடுண்டதும் நம் கொஸ்லந்தைப் பாதைக்குப் பக்கத்தில்தான். மண் தோண்ட ஓடி வந்தவர்களில் சிங்களவர், தமிழர், வேதக்காரர், இந்து, பௌத்தர் எல்லாரும் இருந்தார்கள். மண்ணுக்குள் இருப்பவன் யார் என்று விசாரித்துவிட்டு யாரும் மண்வெட்டியை எடுக்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது காசு விஷயம். லூக்கா 10:35. சமாரியன் சத்திரக்காரனிடம் 'இரண்டு பணம்' கொடுக்கிறான். ஒரு பணம் எவ்வளவு? மத்தேயு 20ஐத் திருப்புங்கள், திராட்சத் தோட்டத்துக்காரன் வேலையாட்களிடம் பேசிக்கொண்ட நாட்கூலியே ஒரு பணம்தான். ஆக அவன் கொடுத்தது இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம். நம் ஆட்களுக்கு இதை இப்படிச் சொன்னால் உடனே விளங்கும், இரண்டு நாள் பேர் போனால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதோடு விடவில்லை. இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். இதைத்தான் நான் வகுப்பில் கடைக் கொப்பி என்று சொல்லுவேன். தோட்டத்துக் கடையில் நமக்கெல்லாம் ஒரு கொப்பி இருக்கும், சீனி ஒரு கிலோ, சவர்க்காரம் ஒன்று என்று எழுதிக்கொண்டே போவார்கள். சமாரியன் அடிபட்டவன் பெயரில் கொப்பி போடச் சொல்லவில்லை. தன் பெயரில் போடச் சொன்னான். தொகையும் எழுதவில்லை, வெறும் பக்கம். உங்கள் கமிட்டி கார்டிலும் பெயர் எழுதத்தான் போகிறார்கள். யார் பெயரைக் கடன்காரனாக எழுதப் போகிறார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

மணி அடிக்கப் போகிறது. மிச்சம் பின்னேரம்.

கொழும்புக்கடை | திங்கள் காலை 8.50

டீச்சர், நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் நான் தலவாக்கலையில் வளர்ந்தவன். குடிகாரன் வீட்டுக்குப் போன டின்மீன் பொழுது சாய்வதற்குள் கசிப்பாக, கள்ளச்சாராயமாக, மாறும். நிபந்தனை இல்லாத அன்பு என்றால் அதற்கும் காசு கட்டுவதா?

வெள்ளைத்தொப்பி | திங்கள் பகல் 1.20

நான் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. இரவு டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து இதை இப்போதுதான் பார்க்கிறேன்.

கொழும்புக்கடை தம்பி, நிபந்தனை இல்லை என்பதற்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் வார்டுக்கு வெறியில் விழுந்து மண்டை உடைந்து வருகிறவர்களுக்கும் தையல் போடுகிறோம். இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினால்தான் ஊசி என்று சொல்வதில்லை. அதற்காக அவர் கேட்கிறார் என்று சாராயம் வாங்கிக் கொடுப்பதுமில்லை. பொதியை மனைவி கையில் கொடுங்கள். மாவைப் பிரித்து ரொட்டி சுட்டுவிட்டால் அதை எந்தக் கசிப்புக்காரனும் வாங்க மாட்டான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. பீலிக்கரை அண்ணே, அவர் எத்தனை நாளாக இருமுகிறார்?

பீலிக்கரை | திங்கள் இரவு 7.55

அக்கா, நான் அதை யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரியிடம் கேட்டேன். தீபாவளிக்கு முந்தியே தொடங்கிவிட்டது என்கிறாள். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். ஆளும் வற்றிப் போயிருக்கிறார் என்றாள். நான் முகம் பார்ப்பதில்லை, அதனால் கவனிக்கவில்லை.

வெள்ளைத்தொப்பி | திங்கள் இரவு 8.03

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளி பரிசோதிக்க வேண்டும். காசநோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஒழுங்காக ஆறு மாதம் குடித்தால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிற வருத்தம் அது. அந்த நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் இருமுகிற காற்றைத்தான் உங்கள் பிள்ளைகளும் இழுக்கிறார்கள். கார்டு, பொதி எல்லாம் இருக்கட்டும். முதலில் இது.

கண்டிக்குளம் | திங்கள் இரவு 9.17

வருத்தக்காரர் பேச்சு வந்ததால் ஒன்று. நம் மலைநாட்டிலேயே நடந்தது, 300 வருஷத்துக்கும் முந்திய கதை.

கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடை செய்திருந்த காலம். ஏழைக் கூலியாள் கோலத்தில் 1687இல் இலங்கைக்குள் நுழைந்தவர். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சொல்லி ராசா சிறையில் போட்டார். 1697இல் அதே கண்டியில் பெரியம்மை கண்டது. வசதி உள்ளவர்கள் ஊரைக் காலி பண்ணினார்கள், வருத்தக்காரர்களைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளும் அவருடைய மருமகன் முறையான கார்வாலோ அடிகளும் தங்கிவிட்டார்கள். குடிசை போட்டு, புண் கழுவி, கஞ்சி ஊற்றி, செத்தவர்களைப் புதைத்து. அங்கே கிடந்தவர்களில் பெரும்பாலானோர் பௌத்தர்கள், சிறையில் போட்ட ராசாவின் குடிகள். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

அம்மைப் புண்ணில் கை வைக்கிறவன் வருகைப் பதிவா பார்ப்பான்?

பாட்டிசொல்லபேரன் | செவ்வாய் மாலை 5.30

பாட்டிக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். 40 வருஷம் கொழுந்து பறித்தவர். நான் சொல்கிறேன், நீ எழுது என்கிறார். அவர் சொன்னபடியே போடுகிறேன், கொஞ்சம் திருத்தி.

'அந்த டீச்சர் புள்ள இரண்டு பணத்தோட நிறுத்திருச்சு. அதே திராட்சத் தோட்டத்துக் கதையை முழுசாச் சொல்லணும். விடியக்காலம் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு, வந்தவனுக்கும் ஒரு பேர். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பேர். நான் சாமி பிரசங்கத்துல அதக் கேட்டப்போ எனக்குக் கோவந்தான் வந்துச்சு. எங்க தோட்டத்துல 18 கிலோ எடுக்கணும். 17 கிலோ எடுத்தா அரைப்பேர். மழையில அட்டை கடிச்சு, கூடை தலைக்கயிறு நெத்தியில பதிஞ்சு, ஒரு கிலோ குறைஞ்சதுக்கு அரைப்பேர். அப்படிப்பட்ட எடத்துல ஒரு மணித்தியாலம் வேலை செஞ்சவனுக்கு முழுப்பேர் போடுற தொரை எங்கயாவது இருப்பானான்னு கேட்டேன்.

அப்பறம் எழுபத்தி நாலுல பஞ்சம். பாணுக்கு விடியவிடிய வரிசை. தோட்டத்துல வேலை இல்ல, பேரே இல்ல. என் தம்பி ஒருத்தன் அப்பத்தான் செத்துப் போனான். கீழ நாட்டுல இருந்து ஒரு சிங்கள அம்மா தலையில சாக்கு வச்சுக்கிட்டு மேல வருவாங்க. ஒருநாள் பலாக்கா, ஒருநாள் ஈரப்பலா. அவங்க பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்க பாஷை அவங்களுக்குத் தெரியாது. லயத்து வாசல்ல போட்டுட்டுப் போயிருவாங்க. அவங்களுக்கு நாங்க என்ன வேல செஞ்சோம்? ஒண்ணும் செய்யல. முழுப்பேர் போட்டாங்க. அன்னைக்குத்தான் அந்தக் கதை எனக்குப் புரிஞ்சுச்சு.'

இதோடு பாட்டி எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விட்டார்.

உபதேசியார்மகள் | செவ்வாய் மாலை 6.12

பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்கள். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

1974 என்றதும் நினைவுக்கு வந்தது. போல் கஸ்பர்ஸ் அடிகள், இயேசு சபைக் குரு, 1972இல் கண்டியில் சத்யோதயாவைத் தொடங்கினார். தமிழரும் சிங்களவரும் ஒன்றாக உட்காருகிற இடம். தோட்டத்து மக்களுக்காக அவர் கடைசிவரை எழுதினார், பேசினார். அவர் எங்கள் சாதிசனம் இல்லை. அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும்.

திராட்சைக்கொடி | செவ்வாய் இரவு 10.48

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கலாத்தியர் 6:10 பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அதே வசனத்தில் 'விசேஷமாக' என்ற சொல்லுக்கு முன்னால் 'யாவருக்கும்' நிற்கிறது, அதை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். பதுளைத் தம்பி சொன்ன தூண்டில் பேச்சும் உறைத்தது. மிச்சப் பொதிக் கணக்கை நான் சரியாக வாசிக்கவே இல்லை.

ஒரு யோசனை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். ஆதித் திருச்சபையின் முதல் சண்டைகளில் ஒன்றே நிவாரணப் பங்கீட்டில்தான் வந்தது. கிரேக்க பாஷை பேசுகிற விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? ஏழு பேரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். விடுபட்டுப் போன பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் போலிருக்கிறது.

ஆகவே பீலிக்கரை அண்ணே, பட்டியலைக் கமிட்டி எழுத வேண்டாம். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்து ஆயாவிடம் கொடுங்கள். எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது என்று அவருக்குத் தெரியாததா? அவர் இந்துவாக இருந்தால் இன்னும் நல்லது. மதம் மாற்றுகிற பேச்சும் எழாது.

பதுளைப்பையன் | செவ்வாய் இரவு 11.02

அண்ணே, இதை நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நான் பண்டாரவளைக்கு வந்தால் தேத்தண்ணீர் என் செலவு.

பீலிக்கரை | அடுத்த வாரம், வியாழன் இரவு 8.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை கமிட்டியைத் திரும்பக் கூட்டினேன். டீச்சரின் கொப்பிக் கதையைத்தான் சொன்னேன், பாட்டியின் அரைப்பேரையும். பாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கார்டு வேண்டாம் என்றார். இரண்டு பேருக்குக் கோபம், ஒருவர் இந்த ஞாயிறு வரவில்லை. ஆயா அக்கா பட்டியல் எழுதினார். 60 வீடு. அதில் வேதக்காரர் 14, மற்றது 46. என் வீட்டுப் பெயர் இல்லை. வீட்டுக்காரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆயிரம் தடவை கேட்டுவிட்டாள்.

பக்கத்துக் காம்பராவுக்குப் பொதியை வீட்டுக்காரி கொண்டுபோனாள். நான் போகவில்லை. நேராகச் சொல்கிறேன், கால் வரவில்லை.

ஆனால் இருமலை விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக்குப் போகாமல் வாசல் இஸ்தோப்பில் நின்றேன். அவர் வெளியில் வந்தார். 'ஆஸ்பத்திரிக்குப் போவம், வாங்க' என்றேன். இரண்டு வருஷத்தில் பேசிய முதல் வார்த்தை. 'எதுக்கு?' என்றார். 'எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, உங்க இருமல்ல' என்றேன். சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஒரே சீட், வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. சளி எடுத்தார்கள், நெஞ்சுப் படம் பிடித்தார்கள், மறுநாள் விடியச் சளியும் கொண்டுவரச் சொன்னார்கள். எனக்கு ஒரு பேர் போனது. சனிக்கிழமையும் போய் வந்தோம், அதோடு இரண்டு.

முடிவு நேற்று வந்தது. வெள்ளைத்தொப்பி அக்கா நினைத்ததுதான். மருந்து தொடங்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள், திங்கட்கிழமை போகிறோம்.

குழாய் வெட்டிய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளைத்தொப்பி | வியாழன் இரவு 8.52

அண்ணே, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் வாந்தி, பசியின்மை வரலாம். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். பாதியில் நிறுத்துகிறவர்களில் சிலர் இதற்குப் பயந்துதான் நிறுத்துகிறார்கள். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். குடியையும் இந்த ஆறு மாதம் தொடக்கூடாது, ஈரல் தாங்காது. அதை டொக்டர் வாயால் சொல்லவையுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.

பீலிக்கரை | வியாழன் இரவு 9.20

சரி அக்கா. இப்போதே சுவரைத் தட்டி சிறுநீர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். 'கேட்டுச்சு' என்று மட்டும் பதில் வந்தது.